25 ஸ்லைடு உயிரியல் பெட்டி: திசு அறுக்கும் டெக்னீஷியன் ஒருவரின் மதிப்பீடு

பகல் முழுக்க எனக்குத் திசு அறுக்கிற வேலை. ஆஸ்பத்திரி ஒன்றின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஹிஸ்டோபெத்தாலஜி டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக் போட்டு, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப் ஒட்டி டாக்டர் மேசையில் வைக்கிறவரை என் கைதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக இந்த ஸ்லைடு பெட்டியை வாங்கியபோது தொழில்காரன் கண்ணோடுதான் முதலில் பார்த்தேன். மனிதத் திசு பழக்கப்பட்டது. தாவரத் திசுவைப் பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் தொட்டதே இல்லை. இந்தப் பெட்டி எனக்கும் நிறையக் கற்றுக்கொடுத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மரப்பெட்டி, உள்ளே ஸ்லைடைச் செருகி வைக்க 25 காடிகள், மூடியின் உட்பக்கம் பெயர்ப் பட்டியல். பள்ளி, கல்லூரி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 1,500 ரூபாயை ஒட்டிக் கொடுத்து வாங்கினேன். அரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகிற சரக்கு. நம் பள்ளிகளில் இருக்கும் அறிவியல் கருவிகளில் நிறைய அந்த ஊரில் தயாரானவைதான். கிட்டத்தட்ட பாதி தாவரம், பாதி விலங்கு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் எந்த ஸ்லைடுகளுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வெங்காயத் தோல், கன்னத்தின் உட்புறச் செல், ஈஸ்ட் ஆகிய மூன்றும் இந்தப் பெட்டியில் இடத்தை அடைக்கின்றன. இவற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். வெங்காயத்தின் உள் சவ்வை உரித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாக வழித்து மெத்திலீன் நீலம் விட்டால் உட்கருவோடு செல் தெரியும். வீட்டில் புதிதாகப் போடுவது பெட்டியில் வருவதைவிடத் தெளிவாகவே இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. தனிச் செல்லைப் பார்த்து, அதற்கு உட்கரு இருக்கிறது, சவ்வு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அது உடம்பில் என்ன வேலைக்கு இருக்கிறது என்பது தெரியாது. அது தெரியவேண்டுமானால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓர் உறுப்பையே முழுசாகக் குறுக்கே வெட்டிய ஸ்லைடில்தான் அது கிடைக்கும். என் துறையில் நோயைக் கண்டுபிடிப்பதே அப்படித்தான். ஒரு செல்லின் உருவம் பாதிச் சேதி சொல்லும், அது எந்த அடுக்கில், யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது மீதியைச் சொல்லும்.

இந்த அளவுகோலில் பெட்டியின் முதலிடம் சிறுகுடல் ஸ்லைடுக்கு. லேபிளில் 'சிறுகுடல், குறுக்குவெட்டு, பாலூட்டி' என்று போட்டிருக்கிறார்கள். பாலூட்டி என்று எழுதியது நேர்மையானது. பள்ளிப் பெட்டிகளில் பெரும்பாலும் மனிதத் திசு இருக்காது, எலியோ முயலோதான். அடுக்குகளின் வரிசை நம்முடையதைப் போலவே இருப்பதால் படிக்கிற பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த ஒரே வெட்டில் எபிதீலியம் (உறுப்பின் பரப்பை மூடியிருக்கும் செல் அடுக்கு), இணைப்புத் திசு, தசை, நரம்பு நான்கையும் காட்டலாம். உள்ளேயிருந்து வெளியே வந்தால், முதலில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள். அவற்றின் மேல் ஒற்றை வரிசையாகத் தூண்வடிவ எபிதீலியச் செல்கள். நடுநடுவே சாயம் பிடிக்காமல் வெளுத்து உப்பியிருப்பவை கோப்பைச் செல்கள், கோழை சுரப்பவை. உறிஞ்சியின் நடுத்தண்டில் தளர்வான இணைப்புத் திசு, அதற்குள் ரத்த நுண்குழாய்கள், கொழுப்பை வாங்கிச் செல்லும் நிணநீர்க் குழல். இன்னும் வெளியே வந்தால் இரண்டு தசை அடுக்கு. உள்ளடுக்கின் இழைகள் குடலைச் சுற்றி ஓடுவதால் நீளவாக்கில் தெரியும். வெளியடுக்கு குடலின் நீளத்துக்கு ஓடுவதால் குறுக்கே வெட்டுப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே அங்கங்கே வெளிறிய சின்னத் திட்டு, அதில் பெரிய உட்கருவோடு இரண்டு மூன்று செல்கள். அதுதான் குடலின் சொந்த நரம்பு வலை. மலிவுப் பெட்டியில் இது தெரியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. 400 மடங்கில் நன்றாகவே தெரிகிறது.

மகளிடம் இதைக் காட்டும்போது ஒரு கவளம் சோற்றை வைத்துச் சொன்னேன். சோறு வந்து குடலின் சுவரை விரிக்கிறது. அந்த விரிவை நரம்பு வலை உணர்ந்து, பின்னால் இருக்கும் தசையைச் சுருக்கி, முன்னால் இருப்பதைத் தளர்த்துகிறது, உணவு நகர்கிறது. கோழை வழுக்கிவிடுகிறது. தூண் செல்கள் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் உறிஞ்சிப் பின்பக்கமாகத் தள்ள, ரத்தம் வாங்கிக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. உறிஞ்சுகிற செல்லுக்கு நகர்த்தத் தெரியாது, தசைக்கு உறிஞ்சத் தெரியாது. இவ்வளவு உழைக்கும் எபிதீலியச் செல் சில நாள்தான் இருக்கிறது. உறிஞ்சிகளின் அடியில் இருக்கும் குழிகளில் பிறந்து, மேலே ஏறி, 4, 5 நாளில் நுனியில் உதிர்ந்துவிடுகிறது. இந்த ஸ்லைடிலேயே அந்தக் குழிகளில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத் தேடிப் பிடிக்கலாம்.

இதற்கு அடுத்து எடுக்கவேண்டியது அரளி இலை. பெட்டியின் வரிசைப்படி போகாதீர்கள். தாவரம் எல்லாம் முதலில், விலங்கு எல்லாம் பிறகு என்று அடுக்கியிருப்பது இந்தப் பெட்டியின் பெரிய குறை. குடலை எடுத்த கையோடு இலையை வைத்துப் பார்த்தால்தான் இரண்டுமே விளங்குகிறது. வெளியே இருப்பதை உள்ளே வாங்கி, உடம்பு முழுக்க அனுப்புகிற உறுப்புகள் இரண்டும். அரளி இலையின் மேல்தோலில் ஒன்றுக்கு மேல் செல் அடுக்கு, அதன்மேல் கியூட்டிகிள் என்ற தடித்த மெழுகுப் படலம். கீழே நெருக்கமாக நிற்கும் பாலிசேட் செல்கள், பச்சையம் இருந்த இடம். பிறகு இடைவெளி விட்டுக் கிடக்கும் ஸ்பாஞ்சி செல்கள், காற்று உலாவ. அடிப்பக்கம் பார்த்தால் குழி குழியாக உள்வாங்கி, அந்தக் குழிக்குள் ரோமம் அடர்ந்து, அதற்குள் மறைந்திருக்கிறது இலைத்துளை. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் சித்திரை வெயிலிலும் அரளி ஏன் பூத்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கான பதில் இந்த ஒரு வெட்டில் இருக்கிறது. ஈரக்காற்று குழிக்குள்ளேயே தங்குவதால் நீர் சட்டென்று பறிபோவதில்லை.

இலைத்துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்புச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்க, பின்னாலேயே தண்ணீர் நுழைகிறது, செல் விறைக்கிறது, துளை திறக்கிறது. வேருக்குத் தண்ணீர் எட்டாதபோது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, அயனிகள் வெளியேறி, துளை மூடுகிறது. நரம்பே இல்லாத உடம்பில் வேரின் கஷ்டம் இலைக்கு எட்டிவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் அட்ரினல், தைராய்டு என்று ஹார்மோன் சுரப்பிகள் வராத வாரம் இருக்காது. அவற்றின் வேலையைத் தனிச் சுரப்பி எதுவும் இல்லாமலே செடி நடத்துகிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயமாகப் பட்டது.

சூரியகாந்தித் தண்டு ஸ்லைடு அழகிலும் தொழில்நேர்த்தியிலும் பெட்டியிலேயே உயர்ந்தது. சாஃப்ரனின், ஃபாஸ்ட் கிரீன் என்ற இரண்டு சாயம் போட்டிருக்கிறார்கள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் ஏறிய சுவர்கள் சிவப்பு, வெறும் செல்லுலோஸ் சுவர்கள் பச்சை. வட்டமாக வாஸ்குலார் கற்றைகள், அதாவது குழாய்க் கற்றைகள். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் தண்ணீர் கடத்தும் சைலம், வெளிப்பக்கம் சர்க்கரை கடத்தும் ஃபுளோயம், நடுவே புதுச் செல்களைப் பிரித்துத் தரும் மெல்லிய கேம்பியம், ஃபுளோயத்தின் தலையில் சிவப்புத் தொப்பியாக, தாங்கிப் பிடிக்கும் ஸ்கிளிரன்கைமா நார். மகள் சைலத்தின் பெரிய சிவப்பு வளையங்களைப் பார்த்து, "எப்பா, இந்த ஓட்டை எல்லாம் செல்லா?" என்று கேட்டாள். "செல்லுதான் ட்டி, செத்த செல்லு" என்றேன்.

என் தொழிலில் செத்த செல் என்றால் நெக்ரோசிஸ், ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வந்தாலே கவலைதான். செடியில் சைலக் குழாய் வேலைக்கு வருவதே செத்தபிறகுதான். செல் நீள்கிறது, சுவரில் லிக்னின் ஏற்றுகிறது, உள்ளிருப்பதையெல்லாம் கரைத்துவிடுகிறது, குறுக்குச் சுவரும் போகிறது, குழாயாகிறது. அதற்குள் நீர்த்தூண் அறுபடாமல் வேரிலிருந்து இலைவரை நிற்க, இலையில் ஆவியாகும் நீர் மேலிருந்து இழுக்கிறது. 1894-இல் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. இருதயம் போன்ற பம்ப் எதுவும் இல்லாமல் தென்னை மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் போகிறது. நம் உடம்பிலும் செத்து உழைக்கும் செல் உண்டு என்பதைக் காட்ட, பெட்டியில் இருக்கும் தோல் ஸ்லைடை உடனே எடுத்து வைத்தேன். மேலே உட்கருவே இல்லாமல் தகடு தகடாகக் கிடக்கும் கெரட்டின் அடுக்கு அதுதான். கிருமியும் தண்ணீரும் உள்ளே புகாமல் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலங்குத் திசு ஸ்லைடுகளில் உட்கருவை நீலமாகக் காட்டுவது ஹீமடாக்சிலின். நான் தினமும் கையில் பிடிக்கிற சாயம். மத்திய அமெரிக்கப் பகுதியில் வளரும் லாக்வுட் என்ற மரத்தின் வைரப்பகுதியிலிருந்து எடுக்கிறார்கள். மரத்தின் வைரம் என்பது முதிர்ந்த சைலம்தான். ஆக, எங்கள் ஆய்வகத்தில் மனிதச் செல்லின் உட்கருவைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது ஒரு மரத்தின் சைலத்திலிருந்து வந்த பொருள். இத்தனை வருடம் பாட்டிலைத் திறந்து மூடியும், சூரியகாந்தித் தண்டைப் பார்த்த அன்றுதான் இந்த இரண்டும் என் மனதில் சேர்ந்தன.

ரத்தப் பூச்சு ஸ்லைடையும் ஃபுளோயத்தையும் ஜோடியாகப் பார்க்கச் சொல்வேன். சிவப்பணு சுமார் 7.5 மைக்ரான் அகலம், உட்கரு கிடையாது, ஆயுள் 120 நாள். ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டுமென்று உட்கருவைத் துறந்த செல். ஃபுளோயத்தின் சல்லடைக் குழாயும் சர்க்கரைக் கரைசல் தடையில்லாமல் ஓட வேண்டுமென்று உட்கருவை இழந்ததுதான். ஆனால் அதை உயிரோடு வைத்திருக்கப் பக்கத்திலேயே துணைச் செல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, உட்கருவோடு, இருவருக்கும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டு. சூரியகாந்தி ஸ்லைடில் 400 மடங்கில், பெரிய வெற்று அறையின் ஓரத்தில் சின்னதாக அடர்ந்த சாயத்தோடு தெரிவது அந்தத் துணைச் செல். திசு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தில்தான் பாயின்டரை வைப்பேன்.

மக்காச்சோளத் தண்டு, வேர் குறுக்குவெட்டு இரண்டும் சரியாக இருக்கின்றன, தேர்வுக்குப் படம் வரையப் போதும். சிறுநீரகம் நன்று. ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் உருண்டைகள் தெளிவு, சுற்றிலும் குழல்கள். உருண்டையும் குழலும் சேர்ந்ததுதான் நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான் என்று புத்தகத்தில் படிப்பதற்கும், ஒரே பார்வைப் புலத்தில் ஐந்தாறு உருண்டைகளைக் காண்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வெங்காய வேர்நுனி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுனியில் பாதுகாப்புக்கு வேர்மூடி, அதற்குப் பின்னால் செல்கள் பிரியும் பகுதி. அங்கே குரோமோசோம்கள் நடுக்கோட்டில் நிற்பதும், இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே போவதும் வரிசையாகக் கிடைக்கும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம், ஒவ்வொன்றும் பெரியது, அதனால் பள்ளி நுண்ணோக்கிக்கே பிடிபடும். இவ்வளவு பிரிவுகளை ஒரு மார்பகக் கட்டியின் ஸ்லைடில் பார்த்தால் எங்கள் டாக்டர் எண்ண ஆரம்பித்துவிடுவார். மார்பகப் புற்றுநோயின் தரத்தைக் கணிக்கும்போது செல் பிரிவின் எண்ணிக்கையும் ஒரு கணக்கு. வேர்நுனியில் பிரிவது முறைப்படி. எந்த இடத்தில் பிரிய வேண்டும், எங்கே நிறுத்தி நீள வேண்டும், எது சைலமாக வேண்டும் என்று ஒழுங்கு இருக்கிறது. கட்டியில் அந்தச் சொல்பேச்சு போய்விடுகிறது. எபிதீலியம் தன் அடித்தளச் சவ்வைத் தாண்டி இணைப்புத் திசுவுக்குள் இறங்குகிறது, பிறகு ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறிப் பயணம் போகிறது. செடிக்கும் கட்டி வரும். அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா தண்டில் கழலையை உண்டாக்கும். ஆனால் தாவரச் செல்லைச் சுற்றி உறுதியான சுவர், அண்டைச் செல்லோடு ஒட்டியிருக்கிறது, இடம்விட்டு நகர முடியாது. அதனால் நம் புற்றுநோயைப் போலச் செல்கள் கிளம்பிப்போய் வேறு இடத்தில் குடியேறுவது செடியில் நடப்பதில்லை. மகளிடம் புற்றுநோயைப் பயமுறுத்தாமல் விளக்க எனக்குக் கிடைத்த நல்ல வழி இந்த ஸ்லைடுதான். அவளுடைய ஆச்சி அந்த நோயில்தான் போனார்கள்.

இனி குறைகள். தமனி, சிரை ஸ்லைடில் திசு மடிந்துகிடக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் மெழுகு ரிப்பனை விரியவிடாமல் அவசரமாக எடுத்திருக்கிறார்கள். தமனியின் தடித்த தசைச் சுவருக்கும் சிரையின் மெல்லிய சுவருக்கும் உள்ள வேறுபாடு பள்ளிப் பாடத்தில் முக்கியமானது, அது சரியாக அந்த மடிப்பில் போய்விட்டது. நுரையீரல் ஸ்லைடு கனமாகச் சீவப்பட்டிருக்கிறது. காற்றுநுண்ணறையின் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதுதான் அந்த உறுப்பின் சாரம், கனமான வெட்டில் அதுவே மறைந்துவிடுகிறது. நரம்பு ஸ்லைடில், கவர் ஸ்லிப்பை ஒட்டும் டிபிஎக்ஸ் பசைக்குள் காற்றுக் குமிழி. தசையில் எலும்புத்தசை மட்டும்தான் தனி ஸ்லைடாக இருக்கிறது, இதயத்தசை இல்லை. கிளைத்துக் கிளைத்து ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் அந்தச் செல்கள், நடுவே இருக்கும் இணைப்புத் தட்டுகள் வழியாக மின்துடிப்பைக் கடத்தி ஒன்றாகச் சுருங்குபவை. செல்கள் சேர்ந்து வேலை செய்வதைச் சொல்லும் பெட்டியில் அதை விட்டிருக்கக் கூடாது. ஈஸ்டை எடுத்துவிட்டு அதை வைத்திருக்கலாம்.

கடையில் இதைச் சொன்னேன். மடிப்பு விழுந்ததை மட்டும் மாற்றித் தந்தார்கள், மாற்றி வந்தது சரியாக இருக்கிறது. ஆகவே வாங்கும்போது கடையிலேயே ஒவ்வொரு ஸ்லைடையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு, குமிழி, கோடு கோடாகக் கிழிந்த தடம் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். கவர் ஸ்லிப்பின் ஓரம் வரை திசு போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் காற்று புகும்.

நுண்ணோக்கி பற்றி ஒன்று. பள்ளிகளுக்கு விற்கும் மலிவு ரகங்களில் பல 10, 40 மடங்கு ஆப்ஜெக்டிவோடு (ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) மட்டும் வருகின்றன. 40 மடங்கு ஆப்ஜெக்டிவும் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் சேர்ந்ததுதான் நான் மேலே சொன்ன 400 மடங்கு. உறுப்பை முழுசாகப் பார்க்க 4 மடங்கு ஆப்ஜெக்டிவ் கட்டாயம் வேண்டும். கண்ணருகு லென்ஸில் பார்வைப் புல எண் 18 என்று போட்டிருந்தால், 4 மடங்கில் 4.5 மில்லிமீட்டர் அகலம் பார்வைக்குள் வரும், 40 மடங்கில் 0.45 மில்லிமீட்டர்தான். பிள்ளைகள் எடுத்த எடுப்பில் 40-க்குத் திருப்பி, ஏதோ இளஞ்சிவப்புக் கலங்கலைப் பார்த்துவிட்டு அலுத்துப்போகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் எவ்வளவு அனுபவமுள்ள டாக்டரும் முதலில் 4-இல் ஸ்லைடு முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். சேமிக்க வேண்டுமானால் பெட்டியில் பத்து ஸ்லைடு குறைத்து வாங்குங்கள், 4 மடங்கு ஆப்ஜெக்டிவை விடாதீர்கள்.

தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தரும் கடை கிடைத்தால் என் பட்டியல் இது: சிறுகுடல், தோல், சிறுநீரகம், தமனியும் சிரையும், இதயத்தசை, ரத்தப் பூச்சு, அரளி இலை, சூரியகாந்தித் தண்டு, மக்காச்சோளத் தண்டு, அவரை வேர், வெங்காய வேர்நுனி. பெட்டியாகத்தான் கிடைக்குமென்றால் இதையே வாங்கி, நான் சொன்ன ஜோடிகளாகக் காடியில் மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சூரியகாந்தியும் சிறுகுடலும் மட்டும் ஐந்துக்கு ஐந்து.

ஸ்லைடைச் செங்குத்தாக வைக்காமல், பெட்டியைத் திருப்பி, ஸ்லைடுகள் படுத்த நிலையில் இருக்கும்படி அலமாரியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் பசை இளகினால் கவர் ஸ்லிப் நழுவும். வெயில் படுகிற இடம் வேண்டாம், விலங்குத் திசு ஸ்லைடுகளில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இயோசின் சாயம் முதலில் வெளுக்கும். விரல்ரேகை பட்டால் லென்ஸ் துடைக்கும் தாளால் துடைத்தால் போதும், சைலீன் என்ற கரைப்பானைத் தொடாதீர்கள், அது பசையையே கரைத்துவிடும்.